குவில்ட் பேட்டர்ன்களுக்கு எந்தப் பிரிண்டர்? – வாசகர் கேள்வி பதில்

குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வை) தைப்பவர்களிடமிருந்து, பேட்டர்ன் எனப்படும் தையல் மாதிரி வடிவங்களை அச்சிடும் பிரிண்டர் குறித்துப் பல கேள்விகள் வந்துள்ளன. ஒரே ஐயத்தைப் பலர் வெவ்வேறு விதமாகக் கேட்டிருப்பதால், அவற்றைச் சேர்த்து இந்த இதழ்ப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: வீட்டில் இருப்பது ஏ4 பிரிண்டர். பெரிய பேட்டர்ன் என்றால் தாள்களை ஒட்டி ஒட்டியே அரை நாள் போய்விடுகிறது. அகலமான பிரிண்டர் வாங்கலாம் என்று பார்த்தால் ஏ3, ஏ3 பிளஸ், 24 அங்குலம் என்று வரிசையாக இருக்கின்றன. எதை வாங்குவது?

பதில்: பிரிண்டரைப் பார்ப்பதற்கு முன், கடந்த ஓராண்டில் நீங்கள் தைத்த பேட்டர்ன்களை எடுத்து மேசையில் வையுங்கள். அவற்றுள் மிகப் பெரியதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அடிக்கடி வரும் அளவு எது என்று பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை வரும் பெரிய பேட்டர்னை வெளியே ஓர் அச்சகத்தில் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒரு நாளுக்காக ஆண்டு முழுவதும் ஒரு பெரிய இயந்திரத்துக்கு இடம் ஒதுக்க வேண்டியதில்லை.

இப்போது அளவுகள். ஏ4 தாள் 210 × 297 மில்லிமீட்டர். ஏ3 அதைப் போல் இரு மடங்கு, அதாவது 297 × 420. ஏ3 பிளஸ் என்பது 329 × 483, அங்குலத்தில் சொன்னால் 13 × 19. ஏ3-க்கும் ஏ3 பிளஸ்ஸுக்கும் இடையிலான இந்தச் சிறிய வித்தியாசம் மற்றவர்களுக்குப் பெரிதாகத் தோன்றாது. குவில்ட் தைப்பவருக்கு அதுதான் முக்கியம். ஏனென்றால் நம் பிளாக்குகளில், அதாவது சேர்த்துத் தைத்துக் குவில்ட்டாக்கும் சதுரங்களில், மிகப் பரவலான அளவு 12 அங்குலம். தையலுக்காகச் சுற்றிலும் கால் அங்குலம் சேர்த்தால் பன்னிரண்டரை. ஏ3 தாளின் அகலம் 12 அங்குலத்தைக்கூட எட்டாது, 11.7 அங்குலத்தில் நின்றுவிடும். ஏ3 பிளஸ்ஸின் 13 அங்குல அகலத்தில் பன்னிரண்டரை அங்குல பிளாக், பிரிண்டர் ஓரத்தில் விடும் வெற்றிடம் போக, ஒரே தாளில் அடங்கிவிடும். ஆகவே ஏ3 வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களுக்கு என் அழுத்தமான பரிந்துரை, இன்னும் ஒரு படி மேலே போய் 13 அங்குல அகலத் தாளை ஏற்கும் பிரிண்டராகவே பாருங்கள் என்பதுதான்.

ஒட்டும் வேலை எவ்வளவு குறையும் என்பதற்கு ஒரு கணக்கு. ஏ0 அளவில், அதாவது 841 × 1189 மில்லிமீட்டரில் ஒரு பேட்டர்ன் இருக்கிறது என்று கொள்வோம். பிரிண்டர் நான்கு பக்கமும் 5 மில்லிமீட்டர் வெற்றிடம் விடுகிறது. ஒட்டுவதற்காக ஒரு தாளின் மேல் அடுத்த தாள் 10 மில்லிமீட்டர் ஏறியிருக்க வேண்டும். இந்தக் கணக்கில், தாளையும் பேட்டர்னையும் ஒரே வாக்கில் வைத்தால், ஏ4 தாள் 25 வேண்டும். அவற்றைச் சேர்க்க 40 இணைப்புகள் ஒட்ட வேண்டும். ஏ3 பிளஸ்ஸில் 9 தாள், 12 இணைப்பு. நேரம் மிச்சமாவது ஒரு புறம் இருக்கட்டும். ஒவ்வொரு இணைப்பிலும் அரை மில்லிமீட்டர் பிசகினாலும், ஐந்து தாள் வரிசையின் கடைசியில் அது 2 மில்லிமீட்டராகிவிடும். இணைப்பு குறையக் குறையத் துல்லியம் கூடும் என்பதே அகலமான பிரிண்டரின் உண்மையான பயன்.

24 அங்குல ரோல் பிரிண்டரில் அதே ஏ0 பேட்டர்ன் இரண்டு நீளத் துண்டுகளாக வந்துவிடும், இணைப்பு ஒன்றுதான். ஏ1 பேட்டர்ன் என்றால் இணைப்பே இல்லை. ஆனால் அந்த இயந்திரம் சுமார் 1 மீட்டர் அகலம் இருக்கும். அச்சான தாள் இறங்க முன்னால் இடம் வேண்டும். அதைத் தூக்கி வைக்க இரண்டு பேர் வேண்டும். முழுப் போர்வைக்கும் ஒரே நீளமாக ஓடும் தையல் கோட்டு வடிவமான பாண்டோகிராஃப் அச்சிடுபவர், தாமே பேட்டர்ன் வரைந்து விற்பவர், குவில்ட்டோடு உடைகளுக்கான பேட்டர்னும் அடிக்கடி அச்சிடுபவர் ஆகியோருக்கு அது தகும். பிளாக்குகளும் அப்ளிக் (துணி மேல் வைத்துத் தைக்கும் துண்டு) வடிவங்களும் மட்டும் அச்சிடுபவருக்கு 13 அங்குலமே போதும்.

கேள்வி: 12 அங்குல பிளாக் என்று போட்டிருந்த பேட்டர்னை அச்சிட்டு அளந்தால் பதினொன்றேகால் அங்குலத்துக்குச் சற்று மேலேதான் வருகிறது. பிரிண்டர் பழுதா? மாற்றினால் சரியாகுமா?

பதில்: பிரிண்டரில் பழுது இருக்கும் என்று தோன்றவில்லை. உங்கள் 12 அங்குலம் ஏறத்தாழ 94 விழுக்காடாகச் சுருங்கியிருக்கிறது. ஏ4 அளவில் வரைந்த பக்கத்தை 279 மில்லிமீட்டர் உயரமுள்ள, லெட்டர் எனப்படும் அமெரிக்க அளவுத் தாளில் அடங்கச் செய்தால் வரும் சுருக்கம் சரியாக அதுவே: 297 மில்லிமீட்டர் 279 ஆகும்போது விகிதம் 0.94. பேட்டர்னின் ஒவ்வொரு பக்கமும் இப்படிச் சுருக்கப்பட்டு, ஒட்டிய பிறகு மொத்தமும் சிறிதாகியிருக்கிறது. கணினியில் தாளின் அளவு ஒன்றாகவும், பிரிண்டரில் வைத்த தாள் வேறாகவும் இருக்கும்போது, "பக்கத்துக்குள் அடக்கு" என்ற தேர்வு தானாக இயங்கி இந்த வேலையைச் செய்துவிடும். பிடிஎஃப் கோப்பை அச்சிடும் பெட்டியில் அதை நீக்கிவிட்டு "உண்மை அளவு" அல்லது 100 விழுக்காடு என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதோடு நிற்காமல் பிரிண்டரின் சொந்த அமைப்புப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். அங்கேயும் தனியாக ஒரு சுருக்கும் தேர்வு இருப்பதுண்டு. முன்னதைச் சரிசெய்தும் அளவு வரவில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது இடத்தைப் பார்க்காதவர்களே.

அகலப் பிரிண்டர் வாங்கியவர்கள் விழும் இன்னொரு குழி, ஓரம் விடாமல் அச்சிடும் வசதி. தாள் முழுவதையும் பயன்படுத்தலாமே என்று அதை இயக்கிவிடுகிறோம். ஆனால் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியாமல் இருப்பதற்காக, பெரும்பாலான பிரிண்டர்கள் படத்தைச் சற்றே பெரிதாக்கித் தாளுக்கு வெளியே வழியவிட்டுத்தான் அச்சிடுகின்றன. புகைப்படத்துக்கு அது நல்லது. பேட்டர்னுக்கு அது அளவையே கெடுத்துவிடும். குவில்ட் வேலைக்கு அந்த வசதியை எப்போதும் அணைத்தே வையுங்கள்.

இனி, அளந்து பார்க்கும் முறை. பேட்டர்ன்களில் 1 அங்குலச் சோதனைச் சதுரம் ஒன்று போட்டிருப்பார்கள். பெரிய தவற்றை அது காட்டிக்கொடுக்கும். சிறிய தவற்றைக் காட்டாது. அளவு 2 விழுக்காடு குறைந்திருந்தால் 1 அங்குலத்தில் அது அரை மில்லிமீட்டர்தான். கோட்டின் தடிப்பிலேயே மறைந்துவிடும். அதே 2 விழுக்காடு 10 அங்குலக் கோட்டில் 5 மில்லிமீட்டராக, கண்ணுக்கு நன்றாகத் தெரியும் அளவுக்கு வளர்ந்து நிற்கும். ஆகவே, தாளின் நீளவாக்கில் ஒன்று, அகலவாக்கில் ஒன்று என இரண்டு 10 அங்குலக் கோடுகளை வரைந்த பக்கம் ஒன்றைத் தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள். இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் மென்பொருளில் அதைச் சில நிமிடங்களில் வரைந்துவிடலாம். துணி நாடாவால் அளக்க வேண்டாம், அது நீளும். துணி வெட்டும்போது பயன்படுத்தும் அதே கண்ணாடி அளவுகோலால் அளவுங்கள்.

இரண்டு திசையிலும் அளக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்க்ஜெட் பிரிண்டரில் மைத்தலை குறுக்கே ஓடும் தொலைவை ஒரு நுண்கோட்டுப் பட்டை அளந்துகொண்டே இருப்பதால், அந்தத் திசையில் பிசகு அரிது. தாள் நகரும் திசையிலோ உருளையும் தாளும் எப்படிப் பற்றிக்கொள்கின்றன என்பதைப் பொறுத்தே அளவு அமைகிறது. வழுவழுப்பான தாளும் சொரசொரப்பான தாளும் ஒரே மாதிரி நகர்வதில்லை. லேசர் பிரிண்டரில் சூட்டினால் தாளின் ஈரம் போய்த் தாளே சற்றுச் சுருங்கும். காற்றில் ஈரம் மிகுந்த நாள்களில் தாள் விரிவதும் உண்டு. டிரேசிங் தாளில் இது மிகுதி. இவற்றை அடியோடு ஒழிக்க முடியாது. ஒரு குவில்ட்டுக்கு வேண்டிய எல்லா பிளாக்குகளையும் ஒரே பிரிண்டரில், ஒரே வகைத் தாளில், ஒரே திசையில் வைத்து, முடிந்தால் ஒரே நாளில் அச்சிட்டுவிடுங்கள். அப்போது அரை மில்லிமீட்டர் பிசகு இருந்தாலும் எல்லா பிளாக்கிலும் ஒரே மாதிரி இருக்கும். தைக்கும்போது முனைகள் ஒன்றோடொன்று பொருந்தும். பாதியை வீட்டிலும் பாதியை வெளியிலும் அச்சிட்டால்தான் சிக்கல் வருகிறது.

கேள்வி: பேப்பர் பீசிங்தான் (அச்சிட்ட தாளோடு துணியைச் சேர்த்துத் தைப்பது) மிகுதியாகச் செய்கிறேன். ஃப்ரீசர் பேப்பரில் அப்ளிக்கும் உண்டு. லேசரா, இங்க்ஜெட்டா?

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு வேலைகளுக்கும் இங்க்ஜெட்தான். ஃப்ரீசர் பேப்பருக்கு ஒரு பக்கம் பிளாஸ்டிக் பூச்சு உண்டு. லேசர் பிரிண்டர் டோனர் தூளைத் தாளில் உருக்கிப் பதிப்பதற்காகச் சூடான உருளைகளுக்கு இடையே தாளைச் செலுத்துகிறது. அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் பூச்சு உருகி உருளையில் ஒட்டிக்கொண்டால், அந்தப் பாகத்தையே மாற்ற நேரிடும். இஸ்திரி போட்டுத் துணியோடு ஒட்டும் பசைத்தாளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவற்றை லேசரில் ஒரு முறைகூட முயன்று பார்க்காதீர்கள்.

இங்க்ஜெட்டிலும் ஃப்ரீசர் பேப்பரைச் சுருளிலிருந்து வெட்டியவுடன் வைத்தால் முனை மடங்கிச் சிக்கிக்கொள்ளும். இரண்டு தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக, இரண்டின் பளபளப்பான பக்கமும் கீழே பார்க்கும்படி வைத்து, இஸ்திரி போட்டுச் சேர்த்துவிடுங்கள். விறைப்பான ஒற்றைத் தாளாகிவிடும்; அதன் மேல்பக்கத்தில், அதாவது மங்கலான காகிதப் பக்கத்தில் அச்சிடுங்கள். பளபளப்பான பக்கம் மையை உறிஞ்சாது. மை தேங்கி உருளைகளில் இழுபடும். இப்படி இரட்டையாக்கிய தாள் சற்றுத் தடிமனாக இருப்பதால் நன்றாக அமுங்கி மடியும் ஓரங்களையும் தரும்; கையால் அப்ளிக் தைப்பவர்கள் பலர் அந்தக் காரணத்துக்காகவே இரட்டைத் தாளை விரும்புகிறார்கள்.

பேப்பர் பீசிங்கில் துணி, அச்சில்லாத பக்கத்தில்தான் உட்காருகிறது. ஆகவே மை நேராகத் துணியைத் தொடுவதில்லை என்று நினைக்கலாம். ஆனால் மெல்லிய தாளில் நீராவி இஸ்திரி போட்டால் மை ஊறி மறுபக்கம் வந்துவிடும். வெள்ளைத் துணியில் ஒரு நீலச் சாயல் படிந்துவிட்டால் எடுப்பது கடினம். மையில் இரண்டு வகை உண்டு. டை எனப்படும் சாய மை நீரில் கரையக்கூடியது. பிக்மென்ட் மை நுண்துகள்களாக இருப்பதால் ஈரத்தை ஓரளவு நன்றாகத் தாங்கும். பல டேங்க் பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட்டாகவும், மற்ற மூன்று நிறங்களும் சாய மையாகவும் இருக்கும். வாங்கும்போது இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்படிப்பட்ட பிரிண்டரில் தாள் வகையைச் சாதாரணத் தாள் என்றும், நிறத்தைக் கறுப்பு வெள்ளை என்றும் வைத்து அச்சிட வேண்டும். தாள் வகையைப் புகைப்படத் தாள் என்று வைத்தால், பிரிண்டர் பிக்மென்ட் கறுப்பை ஒதுக்கிவிட்டு மற்ற நிறங்களைக் கலந்து கறுப்பை உண்டாக்குவதுண்டு. எந்த மையாக இருந்தாலும் உலர்ந்த இஸ்திரிதான் போட வேண்டும். துணி இருக்கும் பக்கத்திலிருந்து இஸ்திரி போடுங்கள். கீழே ஒரு பழைய துணியை விரித்துக்கொள்ளுங்கள். லேசரில் அச்சிட்ட பேட்டர்னுக்கும் இது தேவை, ஏனென்றால் டோனர் மறுபடி சூடேறினால் இளகி இஸ்திரிப்பெட்டியின் அடியிலோ விரிப்பிலோ ஒட்டும்.

தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேப்பர் பீசிங்கில் தையலை 1.5 மில்லிமீட்டர் நீளத்துக்குக் குறுக்கித் தைத்து, கடைசியில் தாளைக் கிழித்தெடுக்கிறோம். கனத்த தாளானால் கிழிக்கும்போது தையல் இழுபட்டுத் தளர்ந்துவிடும். இதற்காக நாம் விரும்புவது செய்தித்தாள் போன்ற மெல்லிய தாள். ஆனால் பெரும்பாலான வீட்டுப் பிரிண்டர்களின் குறிப்பேட்டில் 60 அல்லது 64 ஜிஎஸ்எம்முக்குக் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறைந்த தாளுக்கு உறுதி தரப்பட்டிருக்காது. நடைமுறையில், பின்பக்கமாகச் செருகும் வசதியுள்ள பிரிண்டரில் ஒவ்வொரு தாளாக வைத்தால் அதைவிட மெல்லிய தாளும் போகும். முன்பக்கத் தட்டிலிருந்து தாளை எடுத்து வளைத்துத் திருப்பி அனுப்பும் பிரிண்டரில் மெல்லிய தாள் சுருங்கிச் சிக்கும். அறுகோண வடிவங்களுக்கான 200 ஜிஎஸ்எம் அட்டையோ வளைய மறுக்கும். ஆகவே பின்பக்கச் செருகுவழி இருக்கிறதா, அது 13 அங்குல அகலத்துக்கும் திறந்திருக்கிறதா என்பதை விவரப் பட்டியலில் தேடுங்கள். என்னைக் கேட்டால், அச்சின் வேகத்தையும் தெளிவையும் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியது இதுதான்.

ஒன்று மறந்துவிடக் கூடாது. பேப்பர் பீசிங்கில் தைத்து முடிந்த பிளாக், அச்சிட்ட பக்கத்தின் கண்ணாடிப் பிம்பமாகவே வரும். எழுத்துகள், ஒரு பக்கம் பார்க்கும் பறவை போன்ற வடிவங்களில், பேட்டர்ன் வரைந்தவர் முன்பே திருப்பி வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் பிரிண்டரின் அமைப்பில் கண்ணாடிப் பிம்பமாக அச்சிடும் தேர்வு இருக்கிறதா என்று தேடுங்கள்; அது எல்லா பிரிண்டரிலும் கிடைக்காது.

கேள்வி: எட்டு, பத்து நிற மைகள் கொண்ட 13 அங்குலப் புகைப்படப் பிரிண்டர் வாங்கினால் கோடுகள் இன்னும் துல்லியமாக வருமா?

பதில்: வராது. பேட்டர்ன் என்பது கோடுகளும் எண்களும் மட்டுமே. நான்கு மைப் பிரிண்டரின் சாதாரணத் தரத்திலேயே அவை தேவைக்கு மேல் தெளிவாக இருக்கும். விரைவு அச்சே போதும். மைத்தலை சுத்தமாகும்போதெல்லாம் எல்லா நிறங்களும் செலவாகும் என்பதால், நிறம் கூடக் கூடப் பராமரிப்புச் செலவுதான் கூடும். பருத்தித் துணியிலேயே படங்களை அச்சிட்டு நினைவுக் குவில்ட் தைக்கும் எண்ணம் இருந்தால் மட்டும், எல்லா நிறங்களும் பிக்மென்ட் மையாக உள்ள பிரிண்டரைப் பரிசீலியுங்கள்.

கேள்வி: லாங் ஆர்ம் எந்திரம் (விரித்த குவில்ட்டின் மேல் நகர்த்தித் தைக்கும் பெரிய தையல் எந்திரம்) வாங்கியிருக்கிறேன். 12 அடி நீளப் பாண்டோகிராஃப் பேட்டர்ன்களைக் கோப்பாக வாங்கி நானே அச்சிட விரும்புகிறேன். 13 அங்குலப் பிரிண்டரில் முடியுமா?

பதில்: அகலம் பெரும்பாலும் தடையாக இருக்காது, நீளம்தான் தடை. 12 அங்குல அகலத்துக்குள் இருக்கும் பாண்டோகிராஃப் 13 அங்குலத் தாளில் அடங்கும். ஆனால் 12 அடி என்பது ஏறத்தாழ 3,660 மில்லிமீட்டர். ஏ3 பிளஸ் தாள்களில் அச்சிட்டால் 8 தாள், 7 இணைப்பு. பேனர் தாள் ஏற்கும் 13 அங்குலப் பிரிண்டர்கள் உண்டு. ஆனால் ஒரே பக்கமாக எவ்வளவு நீளம் அச்சிட முடியும் என்பதற்கு ஒவ்வொரு மாடலுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. அந்த எண்ணைத் தனியே கேளுங்கள். அது பெட்டியின் மேல் எழுதியிருக்காது. பயன்பாட்டுக் குறிப்பேட்டில் தாள் அளவுகள் பற்றிய பகுதியில் இருக்கும்.

பாண்டோகிராஃப் வடிவம் ஒரே அலகு திரும்பத் திரும்ப வருவது என்பதால் ஒட்டுவது அவ்வளவு சிரமம் இல்லை. எந்திரத்தின் பின்பக்கம் லேசர் ஒளிப்புள்ளியைக் கோட்டின் மேல் நகர்த்திக்கொண்டு போகும்போது, ஓர் இணைப்பில் அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் கை அதைச் சரிசெய்துவிடும். பிளாக்கில் பொறுக்க முடியாத பிசகு இங்கே பொறுக்கக்கூடியதே. கவனிக்க வேண்டியது வேறு: தாள்கள் எல்லாம் நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் சற்றே சாய்ந்தால் 12 அடியின் முடிவில் பேட்டர்ன் வில் போல் வளைந்து, வரிசைக்கும் வரிசைக்கும் இடைவெளி ஒரு பக்கம் குறுகி மறுபக்கம் விரியும். எல்லாத் தாளிலும் நடுவே ஒரு நேர்க்கோட்டைச் சேர்த்து அச்சிட்டு, மேசை ஓரத்தில் நீளமாக ஒரு நூலை இழுத்துக் கட்டி, அந்தக் கோட்டை நூலோடு பொருத்தி ஒட்டுங்கள்.

மாதத்துக்கு இரண்டு மூன்று பாண்டோகிராஃப் அச்சிடுவீர்கள், அல்லது மற்றவர்களின் குவில்ட்டுகளையும் தைத்துக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், 24 அங்குல ரோல் பிரிண்டர் தன் இடத்தைச் சம்பாதித்துக்கொள்ளும். மேசை மேல் வைக்கும் 24 அங்குல மாடல்களை ஹெச்பி, கேனன், எப்சன் ஆகிய மூன்று நிறுவனங்களும் செய்கின்றன. ரோல் வாங்கும்போது அகலத்தோடு நடுக்குழலின் விட்டத்தையும் பாருங்கள்; 2 அங்குலக் குழலும் 3 அங்குலக் குழலும் புழக்கத்தில் இருக்கின்றன, உங்கள் இயந்திரம் எதை ஏற்கும் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். 80 அல்லது 90 ஜிஎஸ்எம் சாதாரண ரோல் போதும். அச்சான தாள் சுருண்டுகொள்ளும் இயல்புடையது. லாங் ஆர்ம் எந்திரத்தில் வைப்பதற்கு முன் எதிர்ப்பக்கமாகத் தளர்வாகச் சுருட்டி ஓர் இரவு விட்டால் படிந்துவிடும். அடோபியின் அக்ரோபேட்டில் ஒரு பக்கத்தின் நீளம் 200 அங்குலம் வரை இருக்கலாம் என்பதால் 144 அங்குலப் பேட்டர்ன் ஒரே பக்கமாக இருப்பதற்குக் கோப்பின் பக்கமிருந்து தடையில்லை. பிரிண்டரின் அமைப்பில் அந்த நீளத்தைத் தனி அளவாகப் பதிந்து வைக்க முடிந்தால் போதும்.

கேள்வி: ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே தைக்கிறேன். மை காய்ந்துவிடாதா?

பதில்: இங்க்ஜெட்டில் அந்த அபாயம் உண்டு. வாரம் ஒரு முறை எல்லா நிறங்களும் உள்ள ஒரு சிறிய பக்கத்தை அச்சிட்டால் போதும். சுவரில் உள்ள சுவிட்சை நேராக அணைக்காமல், பிரிண்டரின் சொந்தப் பொத்தானால் அணைக்க வேண்டும். அப்போதுதான் மைத்தலை தன் இடத்துக்குத் திரும்பி மூடியின் கீழ் உட்காரும். நடுவழியில் மின்சாரம் நின்றால் தலை திறந்தபடியே காய்ந்துபோகும். அடைப்பு வந்துவிட்டதென்று அடுத்தடுத்துச் சுத்தம் செய்யும் பொத்தானை அழுத்தாதீர்கள். இரண்டு முறை செய்துவிட்டுச் சில மணி நேரம் விட்டால் காய்ந்த மை ஊறி இளகும். ஒவ்வொரு சுத்தத்திலும் வெளியேறும் மை உள்ளே உள்ள ஒரு பஞ்சுப் பெட்டியில் சேருகிறது. அது நிறைந்தால் பிரிண்டர் நின்றுவிடும். அந்தப் பெட்டியை வீட்டிலேயே கழற்றி மாற்றக்கூடிய மாடலாகப் பார்த்து வாங்குவது நல்லது.

மாதக்கணக்கில் தொடவே மாட்டேன் என்பவர், ஃப்ரீசர் பேப்பரும் பசைத்தாளும் பயன்படுத்தாதவராக இருந்தால், ஏ3 லேசரை எண்ணிப் பார்க்கலாம். டோனர் காயாது. ஆனால் அது கனமும் உயரமும் கூடியது. ஏ3 பிளஸ் ஏற்கும் லேசரும் எளிதில் கிடைப்பதில்லை.

கேள்வி: பழைய புத்தகத்தில் உள்ள 8 அங்குல பிளாக்கை 12 அங்குலமாக்க வேண்டும். ஸ்கேனரும் உள்ள ஏ3 பிரிண்டர் உதவுமா?

பதில்: உதவும். ஆனால் "ஏ3 பிரிண்டர்" என்று விற்கப்படும் பல மாடல்களில் அச்சு மட்டுமே ஏ3. மேலே உள்ள ஸ்கேனர் கண்ணாடி ஏ4 அளவுதான். மூடியைத் திறந்து கண்ணாடியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். உங்கள் 8 அங்குல பிளாக் ஏ4 கண்ணாடியின் 210 மில்லிமீட்டர் அகலத்தில் அடங்கும். தையல் ஓரத்தோடு சேர்ந்த எட்டரை அங்குலம் சற்று வெளியே நிற்கும்.

அப்படி நிற்பதால் இழப்பில்லை, ஏனென்றால் தையல் ஓரத்தைப் பெரிதாக்கவே கூடாது. 8-ஐ 12 ஆக்க 150 விழுக்காடு வேண்டும். ஓரத்தோடு சேர்த்துப் பெரிதாக்கினால் எட்டரை அங்குலம் 12¾ ஆகும். கால் அங்குல ஓரம் 3/8 அங்குலமாக வீங்கிவிடும். நமக்கு வேண்டியது 12½. ஆகவே தைத்து முடிந்த அளவுக் கோட்டை மட்டும் பெரிதாக்கி அச்சிட்டு, அதைச் சுற்றிக் கால் அங்குலத்தை அளவுகோலால் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள். பல துண்டுகள் கொண்ட பிளாக் என்றால் ஒவ்வொரு துண்டுக்கும் இதையே செய்ய வேண்டும். குவில்ட் வடிவமைப்புக்கென்றே உள்ள எலக்ட்ரிக் குவில்ட் போன்ற மென்பொருளில் அதே பிளாக்கை வரைந்துகொண்டால், வேண்டிய அளவைச் சொன்னவுடன் சரியான ஓரத்தோடு டெம்ப்ளேட்டுகளை அதுவே அச்சிட்டுத் தரும்.

கேள்வி: ஓர் அலுவலகத்தை மூடுகிறார்கள். அங்கே வரைபடம் அச்சிட்ட 24 அங்குலப் பழைய பிளாட்டர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: மூன்று விஷயங்கள் சரியாக இருந்தால் வாங்கலாம். அதற்கான மைப்பெட்டியும் மைத்தலையும் இன்னும் புதிதாக விற்பனைக்கு வருகின்றனவா என்று முதலில் பாருங்கள். வராவிட்டால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அடுத்து, உங்கள் கணினியில் இப்போது உள்ள இயங்குதளத்துக்கு அந்த மாடலின் டிரைவர் மென்பொருள் கிடைக்கிறதா என்று தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் தேடுங்கள். சில பழைய இயந்திரங்கள் பொறியியல் வரைபடத்துக்கான கோப்பு வகைகளை மட்டுமே நேராக ஏற்பவை. பிடிஎஃப் கொடுக்க டிரைவர் இல்லாமல் முடியாது.

மூன்றாவதை நேரில் போய்ச் செய்ய வேண்டும். 1 மீட்டர் நீளக் கோடு ஒன்று தாள் நகரும் திசையிலும், 50 சென்டிமீட்டர் கோடு ஒன்று குறுக்கேயும் உள்ள கோப்பைக் கையோடு எடுத்துச் சென்று, உங்கள் கண் முன்னே அச்சிடச் சொல்லுங்கள். கோடுகளில் இடைவெளி விழுகிறதா என்று பாருங்கள். அது அடைபட்ட நுண்துளை. நீளக் கோடு 1 மீட்டரிலிருந்து 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்ல இயந்திரம். 5 மில்லிமீட்டர் வரை விலகியிருந்தால், தாள் நகர்வைத் திருத்தும் தேர்வு அதன் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, திருத்தி, மறுபடி அச்சிடச் சொல்லுங்கள். இரண்டு முறை அடுத்தடுத்து அச்சிட்டும் இரண்டு வேறு நீளங்கள் வந்தால், உருளை தேய்ந்து வழுக்குகிறது என்று பொருள். எந்தத் திருத்தமும் அதற்கு நிற்காது, வாங்க வேண்டாம்.